பழைய கணினி விளையாட்டுகளுக்கு ஏற்ற சிஆர்டி மானிட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1980களிலும் 1990களிலும் வெளிவந்த கணினி விளையாட்டுகளை அவை உருவான காலத்துத் திரையிலேயே, அதாவது சிஆர்டி எனப்படும் படக்குழாய் மானிட்டரிலேயே, ஆடிப் பார்க்க விரும்புவோர் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஐபிஎம் வகைக் கணினிகளும் அவற்றில் இயங்கிய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்), விண்டோஸ் விளையாட்டுகளும் மட்டுமே இங்கு பேசப்படுகின்றன.

எல்சிடி திரை இருக்கும்போது சிஆர்டி மானிட்டர் எதற்கு?

எல்சிடி திரையில் பிக்சல்களின் எண்ணிக்கை நிலையானது. 320×200 அளவிலான படத்தை அது தன் சொந்த அளவுக்கு நீட்டித்தே காட்டியாக வேண்டும். அந்த நீட்டிப்பில் எழுத்துகளும் உருவங்களும் மங்குகின்றன, அல்லது சில பிக்சல்கள் தடித்தும் சில மெலிந்தும் தெரிகின்றன. சிஆர்டி படக்குழாயில் எலக்ட்ரான் கற்றை, வரும் சமிக்ஞைக்கு ஏற்ப வரிகளை வரைவதால், தன் எல்லைக்கு உட்பட்ட எந்த அளவையும் நீட்டிப்பின்றிக் காட்டும்.

அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. விஜிஏ எனப்படும் கிராபிக்ஸ் தரத்தைச் சேர்ந்த கார்டின் 320×200 விளையாட்டு முறையும் 720×400 எழுத்து முறையும் ஒரே அலைவெண்களில், அதாவது 31.5 கிலோஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 31,500 வரிகள்) 70 ஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 70 முறை புதுப்பிப்பு) வெளிவருகின்றன. ஒரு வரியில் எத்தனை பிக்சல்கள் என்பதை அனலாக் சமிக்ஞை சொல்வதில்லை என்பதால், பெரும்பாலான எல்சிடி திரைகள் விளையாட்டின் படத்தையும் 720 பிக்சல் வரியாகக் கருதித் தவறான இடங்களில் மாதிரி எடுக்கின்றன. அதோடு, 60 ஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும் எல்சிடி திரை 70 ஹெர்ட்ஸ் படத்தில் சில சட்டகங்களைக் கைவிட நேர்வதால் திரை நகரும்போது தடுமாற்றம் தெரிகிறது. இவ்விரு குறைகளும் சிஆர்டியில் எழுவதே இல்லை.

ஒரு மானிட்டர் குறிப்பிட்ட காலத்துக்கு ஏற்றது என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

பெட்டியின் நிறத்தையோ பின்புறம் ஒட்டப்பட்டுள்ள உற்பத்தி ஆண்டையோ வைத்து முடிவு செய்ய வேண்டாம். நீங்கள் ஆட விரும்பும் விளையாட்டு எந்தக் கிராபிக்ஸ் தரத்துக்காக வரையப்பட்டதோ, அந்தத் தரத்தின் சமிக்ஞையை மானிட்டர் ஏற்கிறதா என்பதும், அந்த வரிகளை அக்காலத்து மானிட்டர்கள் காட்டிய அளவிலும் அடர்த்தியிலும் காட்டுகிறதா என்பதுமே முதன்மையானவை. இவற்றுக்கு அடுத்தபடியாக, படக்குழாய் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நிறுவனத்தின் பெயர் இவை அனைத்துக்கும் பிறகுதான் வருகிறது. தேடத் தொடங்கும்போது பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, புகழ்பெற்ற பெயர்களை மட்டுமே துரத்துவதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள சாதாரண மானிட்டர்கள் பல அதனாலேயே கவனிக்கப்படாமல் கழிவுக்குப் போகின்றன.

கிடைமட்ட அலைவெண் என்றால் என்ன? அது ஏன் இவ்வளவு முக்கியம்?

எலக்ட்ரான் கற்றை ஒரு நொடியில் எத்தனை வரிகளை வரைகிறது என்பதே கிடைமட்ட அலைவெண். திரையில் தெரியும் வரிகளின் எண்ணிக்கையை, படம் ஒரு நொடியில் எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற எண்ணால் பெருக்கி, கற்றை மேலே திரும்பிச் செல்ல எடுக்கும் நேரத்துக்காக ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் அது கிடைத்துவிடும். எடுத்துக்காட்டாக, 768 வரிகளை 85 ஹெர்ட்ஸில் காட்ட 68.7 கிலோஹெர்ட்ஸ் தேவை. மானிட்டரின் விவரக்குறிப்பில் “30–70 கிலோஹெர்ட்ஸ்” என்று இருந்தால், 1024×768 அளவை 85 ஹெர்ட்ஸில் அது காட்டும். 1280×1024 அளவை 60 ஹெர்ட்ஸில் காட்ட 64 கிலோஹெர்ட்ஸ் போதும் என்பதால் அதையும் காட்டும், ஆனால் 75 ஹெர்ட்ஸுக்குத் தேவையான 80 கிலோஹெர்ட்ஸ் அதற்கு எட்டாது.

கீழ் எல்லையும் மேல் எல்லையைப் போலவே முக்கியமானது. 1990களின் மானிட்டர்களில் பெரும்பாலானவை 30 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே அவை விஜிஏ சமிக்ஞையை ஏற்கும். அதற்கு முந்தைய கிராபிக்ஸ் தரங்களான சிஜிஏ, இஜிஏ ஆகியவற்றின் சமிக்ஞையை ஏற்காது.

சிஜிஏ, இஜிஏ காலத்து விளையாட்டுகளுக்குத் தனி மானிட்டர் வேண்டுமா?

உங்களிடம் உண்மையான சிஜிஏ அல்லது இஜிஏ கார்டு இருந்தால் வேண்டும். 1981இல் வந்த சிஜிஏ 15.7 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. 1984இல் வந்த இஜிஏ, 200 வரி முறைகளில் அதே அலைவெண்ணையும், 350 வரி முறையில் ஏறத்தாழ 21.8 கிலோஹெர்ட்ஸையும் பயன்படுத்துகிறது. இரண்டும் ஒன்பது முனை இணைப்பான் வழியாக டிடிஎல் எனப்படும் டிஜிட்டல் சமிக்ஞையை அனுப்புபவை. விஜிஏவின் பதினைந்து முனை அனலாக் இணைப்புடன் அவை பொருந்தா. நிறங்களிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சிஜிஏவின் அடர்மஞ்சளைப் பழுப்பாக மாற்றிக் காட்டும் சுற்று ஐபிஎம் 5153 போன்ற மானிட்டருக்குள்ளேயே இருந்தது. அந்தச் சுற்று இல்லாத மானிட்டரில் பழுப்பு நிறமே தென்படாது.

ஐபிஎம்மின் ஒற்றைநிற மானிட்டரான 5151 இன்னொரு வகை. அது 18.4 கிலோஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ் சமிக்ஞைக்கு மட்டுமே உரியது. அதன் இணைப்பானும் சிஜிஏவின் இணைப்பானும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் மாற்றிச் செருகுவது எளிது. அப்படிச் செருகினால் மானிட்டரே பழுதாகக்கூடும். எனவே பழைய ஒன்பது முனை மானிட்டர் எதையும் அதன் மாதிரி எண்ணைச் சரிபார்க்காமல் இணைக்க வேண்டாம்.

1980களின் பிற்பகுதியில் வந்த என்இசி மல்டிசிங்க் போன்ற பல்-அலைவெண் மானிட்டர்கள் 15 முதல் 35 கிலோஹெர்ட்ஸ் வரையிலான டிடிஎல், அனலாக் சமிக்ஞைகள் இரண்டையும் ஏற்றன. நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால், மூன்று தரங்களுக்கும் அந்த ஒரே மானிட்டர் போதும். ஆனால் அரிதானது.

உண்மையான பழைய கார்டு இல்லாவிட்டால் கவலை வேண்டாம். விஜிஏ கார்டு சிஜிஏ, இஜிஏ முறைகளையும் ஏற்று, அவற்றை 31.5 கிலோஹெர்ட்ஸிலேயே வெளியிடும். 16 நிற விளையாட்டுகளை அக்காலத்திலேயே பலர் விஜிஏ மானிட்டரில்தான் ஆடினார்கள். எனவே அதுவும் காலத்துக்கு ஏற்ற காட்சிதான்.

டாஸ் விளையாட்டுகளில் வரிகளுக்கிடையே கருப்பு இடைவெளி தெரிய வேண்டுமா?

விஜிஏவைப் பொறுத்தவரை வேண்டியதில்லை. இந்தக் கருப்பு இடைவெளிகள் 15 கிலோஹெர்ட்ஸ் திரைகளுக்கு, அதாவது தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கும் ஆர்கேட் இயந்திரங்களுக்கும் சிஜிஏ மானிட்டர்களுக்கும் உரியவை. 1987இல் ஐபிஎம் பிஎஸ்/2 கணினிகளுடன் வந்த விஜிஏ, 200 வரிப் படத்தின் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை வரைந்து 400 வரிகளாக அனுப்புகிறது. அதனால் 14 அங்குல விஜிஏ மானிட்டரில் வரிகள் ஒன்றையொன்று தொட்டு நிற்க, ஒவ்வொரு பிக்சலும் நிரம்பிய சிறு கட்டமாகத் தெரியும். 256 நிற விளையாட்டுகளின் ஓவியர்கள் கண்டு வரைந்ததும் அத்தகைய திரையையே. போலி இடைவெளிகளைச் சேர்க்கும் வடிகட்டிகள் இந்த விளையாட்டுகளுக்குப் பழைய தோற்றத்தைத் தருவதாகப் பலர் நம்புகிறார்கள். உண்மையில் அவை அந்தப் படங்கள் ஒருபோதும் கொண்டிராத தோற்றத்தைத்தான் தருகின்றன.

இதோடு நினைவில் கொள்ள வேண்டியது படத்தின் விகிதம். 320×200 படம் 4:3 திரை முழுவதையும் நிரப்பும்படி வரையப்பட்டதால், ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமானது. மானிட்டரின் உயரக் கட்டுப்பாட்டைச் சரிசெய்து, மேலும் கீழும் கருப்புப் பட்டை இல்லாமல் திரையை நிரப்புங்கள். வட்டங்கள் வட்டங்களாகவே தெரியும்.

எந்த அங்குல அளவு சிறந்தது?

இந்தக் கேள்விக்குத்தான் மிகத் தவறான விடைகள் பரவியிருக்கின்றன. பெரிய திரை எப்போதும் மேலானது என்ற எண்ணம் டாஸ் விளையாட்டுகளுக்குப் பொருந்தாது. 21 அங்குல மானிட்டரில் கண்ணுக்குத் தெரியும் உயரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். அதில் 400 வரிகளைப் பரப்பினால் ஒரு வரிக்கு 0.75 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. அத்தகைய உயர்தரக் குழாய்கள் 1600×1200 போன்ற அளவுகளுக்காகவே வடிவமைக்கப்பட்டதால் அவற்றின் கற்றை மிக மெல்லியது. அது அந்த இடத்தை நிரப்பாமல், வரிகளுக்கிடையே இருண்ட கோடுகளை விட்டுவிடும். 14 அங்குல மானிட்டரில் அதே 400 வரிகள் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரத்துக்குள் அடங்குவதால் ஒரு வரிக்கு 0.5 மில்லிமீட்டர்தான் கிடைக்கிறது. அதன் சற்றே தடித்த கற்றை அந்த இடத்தை முழுமையாக நிரப்பிவிடும்.

ஆகவே 1987 முதல் 1995 வரையிலான டாஸ் விளையாட்டுகளுக்கு 14 அல்லது 15 அங்குல மானிட்டரையே பரிந்துரைக்கிறேன். 1996 முதல் 1999 வரையிலான முப்பரிமாண விளையாட்டுகளுக்கு 17 அங்குலமும், அதன் பின் வந்தவற்றுக்கு 19 அங்குலமும் பொருந்தும். ஒரே மானிட்டர் வைக்க மட்டுமே இடம் இருக்கிறது என்றால், எல்லாக் காலத்துக்கும் ஓரளவு ஒத்துப்போவது 17 அங்குலம்.

விற்பனைக்குக் குறிப்பிடப்படும் அங்குல அளவு குழாயின் முழு அளவு. கண்ணுக்குத் தெரியும் பகுதி அதைவிட ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைவாக இருக்கும்.

விண்டோஸ் 98 காலத்து முப்பரிமாண விளையாட்டுகளுக்கு என்ன தேவை?

முப்பரிமாணப் படங்களை வரைவதற்கென்று முதன்மைக் கார்டோடு சேர்க்கப்படும் வூடூ கார்டுகளில், 1996இல் வந்த முதலாவதில் விளையாட்டுகள் பெரும்பாலும் 640×480 அளவில் ஓடின. 1998இன் வூடூ2 தனியாக 800×600 வரையிலும், இரண்டு கார்டுகளை இணைத்தால் 1024×768 வரையிலும் சென்றது. 800×600 அளவை 85 ஹெர்ட்ஸில் காட்ட 53.7 கிலோஹெர்ட்ஸ் போதும். 1024×768 அளவுக்கு முன்னே சொன்ன 68.7 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். எனவே மேல் எல்லை 70 கிலோஹெர்ட்ஸ் உள்ள 17 அங்குல மானிட்டர் இந்தக் காலம் முழுவதற்கும் போதுமானது.

முதல் இரண்டு வூடூ கார்டுகளும் முதன்மைக் கார்டின் சமிக்ஞையை ஓர் இணைப்புக் கேபிள் வழியாகத் தம்முள் வாங்கி மானிட்டருக்கு அனுப்பின. அந்தக் கேபிள் தரமற்றதாக இருந்தால் விண்டோஸ் திரையின் எழுத்துகள் மங்கும், நிழலடிக்கும். அதை மானிட்டரின் குறையென்று முடிவு கட்டுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

19 அங்குல மானிட்டரில் 1280×1024 அளவைத் தேர்ந்தெடுப்பவர்கள், அது 5:4 விகிதம் என்பதையும், 4:3 திரையில் படம் சற்றே அகன்று தெரியும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். விளையாட்டு அனுமதித்தால் 1280×960 சரியான தேர்வு.

ஷேடோ மாஸ்க், டிரினிட்ரான் ஆகியவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஷேடோ மாஸ்க் குழாயில் துளைகள் நிறைந்த உலோகத் தகடு கற்றைகளைப் பிரிக்கிறது. சோனி 1968இல் அறிமுகப்படுத்திய டிரினிட்ரானிலும், பின்னர் வந்த மிட்சுபிஷியின் டைமண்ட்ரானிலும் அந்தப் பணியைச் செங்குத்தான மெல்லிய கம்பிகள் செய்கின்றன. கம்பிகள் அதிகமான கற்றையை உள்ளே விடுவதால் படம் பிரகாசமாக இருக்கும். அவை அதிராமல் தடுக்கக் குறுக்கே ஒன்றோ இரண்டோ நுண்கம்பிகள் கட்டப்பட்டிருப்பதால், வெளிர்நிறப் பின்னணியில் மெல்லிய நிழல்கோடுகள் தெரியும். அது பழுது அன்று.

விவரக்குறிப்பில் உள்ள டாட் பிட்ச் (ஒரே நிறப் புள்ளிகளுக்கிடையே உள்ள தொலைவு) எண்களை இவ்விரு வகைகளுக்கிடையே நேரடியாக ஒப்பிட வேண்டாம். ஷேடோ மாஸ்க்கில் 0.28 மில்லிமீட்டர் என்பது சாய்வாக அளக்கப்பட்டது. கிடைமட்டமாக அது ஏறத்தாழ 0.24 தான். கம்பி வகையில் 0.25 என்பது கிடைமட்ட அளவே. பார்வைக்கு எண் சிறியதாக இருந்தும் நுணுக்கத்தில் இரண்டும் ஏறத்தாழ சமம்.

டாஸ் விளையாட்டுகளுக்கு ஷேடோ மாஸ்க்கின் மென்மையையே நான் விரும்புகிறேன். பிரகாசமான முப்பரிமாண விளையாட்டுகளுக்குக் கம்பி வகை நன்றாக இருக்கிறது. இது ரசனைக்கு உட்பட்டது. யாரோடும் வாதிட மாட்டேன்.

சோனி ஜிடிஎம்-எஃப்டபிள்யூ900 போன்ற புகழ்பெற்ற மானிட்டர்களைத் தேட வேண்டுமா?

அது 24 அங்குல, 16:10 விகித, அகலத்திரை மானிட்டர். எடை 40 கிலோவுக்கும் அதிகம். புதிய விளையாட்டுகளை சிஆர்டியில் ஆட விரும்புவோருக்கு ஈடற்ற கருவிதான். ஆனால் பழைய விளையாட்டுகள் 4:3 விகிதத்தில் வரையப்பட்டவை என்பதால், அவற்றை ஆடும்போது அதன் அகலத்தில் ஒரு பகுதி எப்போதும் பயனின்றிக் கிடக்கும். அத்தகைய உயர்தர மானிட்டர்கள் தொழிற்கூடங்களிலும் அலுவலகங்களிலும் நெடுநேரம் ஓடித் தேய்ந்தவையாகவும் பெரும்பாலும் இருக்கும்.

வாங்குவதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும்?

மானிட்டர் குளிர்ந்த நிலையில் இருக்கும்போதே முதல்முறை இயக்கிப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால், அணைத்துக் குளிரவைத்து மீண்டும் இயக்கக் கேளுங்கள். நல்ல குழாயில் அரை நிமிடத்துக்குள் பயன்படுத்தத்தக்க படம் வந்துவிடும். படம் வரப் பல நிமிடங்கள் ஆவது, முதலில் ஒரு நிறம் மட்டும் ஏறிவருவது, பிரகாசமான பகுதிகளின் விளிம்பு வலப்பக்கமாகக் கசிந்து வழிவது ஆகியவை குழாய் தளர்ந்துவிட்டதைக் காட்டும் அறிகுறிகள். அதைத் திருத்த இயலாது என்றே கருதிக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரம் ஓடிய பிறகு முழுக் கருப்புத் திரையைக் காட்டுங்கள். கருப்பு சாம்பலாகத் தெரிந்தாலோ, சாய்வான மெல்லிய கோடுகள் புலப்பட்டாலோ, ஜி2 எனப்படும் திரை மின்னழுத்தம் ஏறியிருக்கலாம். சோனியின் பிற்காலத்துக் குழாய்களில் இது பரவலாகக் காணப்படும் கோளாறு. அறிந்தவர் கையில் பெரும்பாலும் சரியாகிவிடும். அடுத்து முழு வெள்ளைத் திரையைக் காட்டி நிறத்திட்டுகள் உள்ளனவா என்றும், கட்டக்கோடுகளைக் காட்டி மூலைகளில் சிவப்பும் நீலமும் பிரிகின்றனவா என்றும், நான்கு மூலைகளிலும் சிறிய எழுத்துகளைக் காட்டிக் குவியம் சீராக உள்ளதா என்றும் பாருங்கள். மூலைகளில் சிறிதளவு பிரிவு இருப்பது இயல்பு. திரை முழுவதும் மங்கியிருப்பது வேறு. பல மானிட்டர்களில் அதை உள்ளிருக்கும் குவியத் திருகைக் கொண்டு சரிசெய்யலாம்.

இருண்ட படத்திலிருந்து பிரகாசமான படத்துக்கு மாறும்போது படத்தின் அளவே விரிந்து சுருங்கினால், உயர் மின்னழுத்தப் பகுதி பலவீனமடைந்திருக்கிறது. சீறல் ஒலியோ கருகல் வாசனையோ வந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

கட்டுப்பாட்டுப் பொத்தான்களையும் மறவாதீர்கள். டாஸ் கணினி எழுத்து முறை, 320×200, 640×480 என்று அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறைக்கும் தனித்தனி அமைப்பை நினைவில் வைக்கும் டிஜிட்டல் கட்டுப்பாடு உள்ள மானிட்டர் அந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கும். திருகு மட்டுமே உள்ள மானிட்டரில் நீங்களே ஒவ்வொரு முறையும் படத்தை நகர்த்த வேண்டியிருக்கும்.

60 ஹெர்ட்ஸில் படம் மினுங்குகிறதே?

சிஆர்டியில் அது இயல்பு. விண்டோஸில் 75 அல்லது 85 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் பெரும்பாலோருக்கு மினுக்கம் மறையும். விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவற்றில் முப்பரிமாண விளையாட்டு தொடங்கியதும் புதுப்பிப்பு வீதம் 60க்கே திரும்பிவிடும் குறை இருந்தது. கார்டின் டிரைவர் அமைப்புகளிலோ அதற்கென்று உள்ள சிறு மென்பொருள்களிலோ அதைச் சரிசெய்யலாம். டாஸில் 320×200 முறை தானாகவே 70 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. டூம் என்ற விளையாட்டு நொடிக்கு 35 சட்டகங்களோடு நிற்பது அதன் நேர்பாதி என்பதால், அந்த அசைவு 70 ஹெர்ட்ஸ் திரையில்தான் சீராகத் தெரியும். அதை மாற்ற முயல வேண்டாம்.

புதிய கணினியை இணைத்து எமுலேட்டர் (பழைய கணினியைப் போலச் செயல்படும் மென்பொருள்) வழியாக ஆடலாமா?

ஆடலாம். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 900 வரிசை வரையிலான கார்டுகளில் அனலாக் சமிக்ஞை உண்டு. அதற்குப் பிந்தியவற்றுக்கு டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் மாற்றி தேவை. 640×480, 800×600 போன்ற அளவுகளுக்கு எளிய மாற்றியே போதும். எமுலேட்டரில் 70 ஹெர்ட்ஸ் அமைப்பை உருவாக்கிக்கொண்டால்தான் டாஸ் விளையாட்டுகளின் அசைவு சீராகும்.

எங்கே வைப்பது? நிறத்திட்டுகள் வந்தால் என்ன செய்வது?

காந்தத் தடுப்பு இல்லாத ஒலிபெருக்கிகளை அருகில் வைக்க வேண்டாம். மானிட்டரைத் திசை திருப்பி வைத்தாலே புவியின் காந்தப்புலம் காரணமாக நிறம் சற்று மாறக்கூடும். டீகாஸ் எனப்படும் காந்தநீக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சரியாகும். உள்ளிருக்கும், வெப்பத்துக்கேற்ப மாறும் மின்தடை (தெர்மிஸ்டர்) குளிர்ந்தால்தான் அடுத்த முறை அது முழு வலிமையோடு வேலை செய்யும் என்பதால், மீண்டும் அழுத்த அரை மணி நேரமாவது காத்திருங்கள்.

நானே திறந்து பழுது பார்க்கலாமா?

பயிற்சி இல்லாமல் கூடாது. வண்ணக் குழாயின் நேர்மின்முனையில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். அணைத்து மின்இணைப்பை நீக்கிய பிறகும் அது நெடுநேரம் தங்கியிருக்கலாம். குழாயின் கழுத்து மெல்லிய கண்ணாடி. அது உடைந்தால் வெற்றிடம் போய் மானிட்டரே பயனற்றதாகிவிடும். தூக்கும்போது திரையை உங்கள் மார்புப் பக்கம் வைத்துப் பிடியுங்கள், ஏனெனில் எடையின் பெரும்பகுதி முன்பக்கக் கண்ணாடியில்தான் இருக்கிறது. 19 அங்குலத்துக்கு மேல் என்றால் இருவராகத் தூக்குங்கள்.

பிரகாசத்தை எவ்வளவு வைப்பது?

அறை விளக்கைக் குறைத்து, முதலில் பிரைட்னஸ் திருகை, படத்தின் கருப்பும் திரையின் வெளிவிளிம்பில் கற்றை படாத பகுதியும் ஒன்றுபோலத் தெரியும் வரை மட்டும் இறக்குங்கள். அதன் பிறகு கான்ட்ராஸ்ட்டை உங்கள் கண்ணுக்கு இதமான அளவுக்கு ஏற்றுங்கள்; உச்சத்தில் வைத்தால் எழுத்துகள் தடிப்பதோடு குழாயும் விரைவில் தேயும். டாஸ் விளையாட்டின் இருண்ட காட்சிகள் அப்போதும் தெரியவில்லையென்றால், பிரைட்னஸைக் கூட்டாமல், விளையாட்டுக்குள் காமா (இடைநிலை நிறங்களின் வெளிச்சம்) அமைப்பு இருந்தால் அதைக் கூட்டுங்கள்.